மாலைக்கோயில்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டார வீரர் நினைவுக்கற்கள்

போரிலோ ஊர்க்காவலிலோ ஆநிரை மீட்கும்போதோ மாண்ட வீரனுக்கும், அவனோடு உடன்கட்டை ஏறிய மனைவிக்கும் உறவினர் எடுத்த நினைவுக்கல்லை மதுரை, விருதுநகர்ப் பக்கத்தில் மாலைக்கோயில் என்பர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களின் வானம் பார்த்த பூமியில் கண்மாய்க் கரையிலும் புஞ்சை ஓரத்திலும் சீமைக்கருவேலம் புதருக்குள்ளும் இத்தகைய கற்கள் நிற்கின்றன. பெரும்பாலானவை நாயக்கர் காலத்தவை. பல கற்கள் இன்றும் குலதெய்வமாக வழிபடப்படுகின்றன.

வீழ்ந்தவனுக்குக் கல் எடுப்பது பாண்டிய நாட்டில் மிகப் பழைய வழக்கம். கல்லைத் தேர்வது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல், கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்தில் குண்டாற்றங்கரையில் உள்ள காளைநாதர் கோயிலை, சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் தன் தம்பி சுந்தரபாண்டியனுக்கு 10-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பள்ளிப்படை என ஆய்வாளர் கொள்கின்றனர். அரச குடும்பத்தில் இறந்தவனுக்குக் கற்றளி, படையாளுக்கு ஒற்றைப் பலகைக்கல்.

நாயக்கர் ஆட்சியில் இவ்வட்டாரம் படைக்கு ஆள் தரும் நிலமாக இருந்தது. பாளையக்காரர்கள் வரியோடு படையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். 1650-களின் பிற்பகுதியில் கந்தீரவ நரசராசனின் மைசூர்ப் படை மதுரையை நெருங்கியபோது, முதுமையில் நோயுற்றிருந்த திருமலை நாயக்கர் இராமநாதபுரம் சேதுபதியின் துணையை நாடினார். ரகுநாத சேதுபதி திரட்டிய மறவர் படை மைசூரார் படையை விரட்டியடித்தது. கைப்பட்டோரின் மூக்கை இரு தரப்பும் அறுத்ததால் மூக்கறுப்புப் போர் என்று பெயர் பெற்ற கொடிய சண்டை அது. நன்றிக்கடனாகத் திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடம் ஆகியவை சேதுபதிக்கு விடப்பட்டன. இறந்த சாதாரணப் படையாளின் குடும்பத்துக்கு நிலம் தரும் முறையும் அந்நாளில் இருந்தது. சிந்திய உதிரத்துக்கு ஈடான அந்த மானியத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். நிலம் கிடைத்த குடும்பம் அங்கேயே வேரூன்றும். கல்லுக்கும் விளக்கேற்ற ஆள் இருக்கும்.

கல்லின் அமைப்பு ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. மூன்றடி, நான்கடி உயரப் பலகைக்கல்லில் ஆணும் பெண்ணும் புடைப்புச் சிற்பமாக அருகருகே நிற்பார்கள். அவன் கொண்டை ஒரு பக்கம் சரிந்திருக்கும், காது வடித்திருக்கும், கையில் வாள், இடையில் குறுவாள். அவள் ஒரு கையை மடித்து மேலே உயர்த்தியிருப்பாள், வளையல்கள் தெரிய. மறு கையில் எலுமிச்சம்பழமோ பூவோ இருக்கும். எண்ணெய் ஏறிக் கருத்துப்போன கல்லில் முகம் மழுங்கிய பிறகும் அந்த வளைக்கை தெளிவாக நிற்கும். உடன்கட்டை ஏறியவள் என்பதற்கு அதுவே அடையாளம்.

இந்தக் கை பெருமைக்குரியதாகச் செதுக்கப்பட்டது. அதன் பின்னே எரிந்த உயிரை மறந்துவிட்டு வீரத்தை மட்டும் போற்றுவது தகாது. 1710-இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய 47 மனைவியர் தீயில் இறக்க நேர்ந்ததை, அக்காலத்தில் மறவர் நாட்டில் இருந்த பாதிரியார் மார்ட்டின் கடிதமாக எழுதிவைத்தார். சென்னை மாகாணத்தில் உடன்கட்டை 1830-இல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. எரிந்த பெண்கள் தீப்பாய்ஞ்ச அம்மனாக, சீலைக்காரியாக இப்பக்கம் தனித்தெய்வமானார்கள். பல இடங்களில் கணவன் பெயர் மறைந்து, அவளே கோயிலின் தலைமைத் தெய்வமாகியிருக்கிறாள்.

ஆண்டு வழிபாடு மாசி மகா சிவராத்திரியில் நடக்கிறது. சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் பிழைப்பவர்கள் கூட அன்று ஊர் வந்துவிடுவார்கள். பங்காளிகள் சாமிப் பெட்டியைத் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். அதில் தெய்வத்தின் துணியும் ஆயுதமும் இருக்கும். கல்லைக் கழுவி, எண்ணெய் காப்பிட்டு, மஞ்சள் பூசி, வீரனுக்கு வேட்டியும் அம்மனுக்குச் சேலையும் சாத்துவார்கள். பொங்கல் வைத்து, வழக்கமுள்ள இடங்களில் கிடாயும் வெட்டுவார்கள். சாமியாடியின் மேல் இறங்கும் வீரனிடம் மழை எப்போது, மகளுக்கு வரன் எப்போது என்று கேட்பார்கள். பஞ்சத்தில் வேறிடம் குடிபெயர்ந்த கிளைகள் மூலக்கோயிலில் பிடிமண் எடுத்துச் சென்று புதிய இடத்தில் கோயில் கட்டிக்கொண்டன. ஒரே வீரனுக்குப் பல ஊர்களில் கோயில் இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆங்கிலேயர் படை வந்தபின் நினைவு கூரும் முறை மாறியது. தென் மாவட்ட ஊர் ஒன்றின் பெயரையே தாங்கிய 63-ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது. அதில் இறந்தவர்களின் உடல் ஊர் திரும்பவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் இந்தியக் கிராமங்களில், இங்கிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்ற கல்வெட்டுகளை அரசு பதித்தது. 1929-இல் இராக்கில் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவகத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். இன்று மதராஸ் ரெஜிமெண்ட் தன் வீரர்களை நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள போர் நினைவகத்தில் நினைவுகூர்ந்து வணங்குகிறது.

மாலைக்கோயில் கற்களில் எழுத்து உள்ளவை சிலவே. காலத்தைக் கொண்டையும் ஆடையும் வாளும் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். பெயர், எந்தச் சண்டை, யார் பக்கம் நின்றான் என்பதெல்லாம் பங்காளிகளின் வாய்மொழியில்தான் இருக்கின்றன. கல்லை மட்டும் படம் எடுத்து, நூற்றாண்டைக் குறித்து, கும்பிடும் குடும்பத்தாரிடம் கேட்காமல் திரும்பும் கள ஆய்வு பாதி ஆவணமே. சாலை விரிவாக்கத்திலும் கண்மாய் மராமத்திலும் பெயர்த்துப் போடப்படும் கற்களில் பெரும்பாலானவை, பங்காளிகள் ஊரைவிட்டு முற்றாகப் போய்விட்டவை.