இசைத்தட்டின் மறுபக்கத்தில் கிடந்த பாட்டு



நம் ஜிம்மிலோ, கார் ரேடியோவிலோ 'டெயின்டட் லவ்' என்ற ஆங்கிலப் பாட்டு உங்கள் காதில் விழுந்திருக்கும். வரிகள் மறந்தாலும், இடையிடையே விழும் அந்த இரண்டு தட்டு மறக்காது. களங்கப்பட்ட காதலிலிருந்து ஓடிவிடத் துடிக்கும் ஒரு மனதின் பாட்டு அது. 'சாஃப்ட் செல்' என்ற இங்கிலாந்து இருவர் குழுவின் சொந்தப் பாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதை முதலில் பாடியவர் குளோரியா ஜோன்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகி.

அவர் அதைப் பாடும்போது வயது இருபதுக்குள். எட் காப் என்பவர் எழுதிய பாட்டு. 1965-ல் இசைத்தட்டாக வந்தது, அதுவும் வேறொரு பாட்டின் பின்பக்கத்தில். முன்பக்கப் பாட்டே எடுபடவில்லை. பின்பக்கத்தை யார் திருப்பிப் பார்ப்பார்கள்?

பார்த்தவர்கள் கடல் கடந்து இருந்தார்கள். 1970-களில் இங்கிலாந்தின் வடபகுதித் தொழில் நகரங்களில், வாரம் முழுக்க உழைத்த இளைஞர்கள் சனிக்கிழமை இரவு விடிய விடிய ஆடுவார்கள். அதற்கு அவர்கள் தேடியது விலைபோகாத பழைய அமெரிக்க சோல் இசைத்தட்டுகளை. 'நார்தர்ன் சோல்' என்று அதற்குப் பெயரே வந்தது. ரிச்சர்ட் சியர்லிங் என்ற டி.ஜே. அமெரிக்காவில் வாங்கி வந்த தட்டு விகன் கேசினோ அரங்கில் ஒலித்தது; குளோரியாவின் குரல் பிழைத்தது.

1976-ல் அவரே அதை மறுபடி பாடினார். தயாரித்தவர் அவருடைய துணைவர், ராக் பாடகர் மார்க் போலன். அதுவும் ஓடவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் லண்டனில் குளோரியா ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி, உடன் வந்த போலன் இறந்துபோனார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1981-ல், மார்க் ஆல்மண்டும் டேவ் பாலும் அந்தப் பாட்டை எடுத்தார்கள். பித்தளை வாத்தியங்கள் போய் சிந்தசைசர் வந்தது. வேகம் குறைந்தது, சுருதி இறங்கியது. குளோரியாவிடம் கோபமாக இருந்தது, இங்கே குளிர்ந்த வேதனையாக மாறியது. பிரிட்டனில் முதலிடம். அமெரிக்கப் பட்டியலில் எட்டாம் இடம் வரை ஏறி, 43 வாரங்கள் நின்றது. அன்று அது சாதனை.

பணம் யாருக்கு? மறுபதிப்பு விற்றால் இயற்றியவருக்கு ராயல்டி உண்டு. முதலில் பாடியவருக்கு அதில் பங்கு இல்லை. சாஃப்ட் செல்லும் ஏமாந்தது. தட்டின் பின்பக்கத்திலும் சுப்ரீம்ஸ் குழுவின் பழைய பாட்டையே வைத்ததால், பாடலாசிரியர் ராயல்டி இரு பக்கத்திலும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சொந்தமாக எழுதிய ஒரு பாட்டைப் பின்னால் வைத்திருந்தால் கதையே வேறு.

மறுபதிப்பு மூலத்தைத் திருடிவிட்டது என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது இல்லாவிட்டால் நீங்களும் நானும் குளோரியாவின் பெயரையே அறிந்திருக்க மாட்டோம். ஆனால் அறிந்த பிறகு, அந்தப் பெயரைச் சொல்லும் கடமை நமக்கு வந்துவிடுகிறது.

இந்த ஞாயிறு முதலில் 1965 பதிப்பையும், பிறகு 1981 பதிப்பையும் கேட்டுப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் என்றால் மட்டும், இயர்போனில்!