மூன்றடுக்கு மேடையின் கீழ்ப்படி

திருச்சபை வரலாறுகளிற் பெரும்பாலானவை பேராயர்களின் வரலாறுகளே. குருப்பட்டம் பெறாத சாதாரண மக்கள் வழிபாட்டிலே செய்த பணிகள் அவற்றின் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிட்டன. பேராயர் ஆட்சிக்குட்பட்ட இங்கிலாந்துத் திருச்சபையிலே, ஊர்தோறும் விளங்கிப் பின் எவரும் ஒழிக்காமலே உறங்கிப்போன இரு பணிகளை இன்று நோக்குவோம். இவற்றை உயிரோடு காத்துத் தந்தோர் இலக்கியகாரரே. ஆதலால் இது நம் தொடருக்குப் புறம்பான விடயமன்று.

முதலாமவர் கோயிற்பற்று லிகிதர். ('பரிஷ்' என்பதற்கு யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் வழங்கிய கோயிற்பற்று என்னும் சொல் எனக்குப் பிடித்தமானது, அதனையே ஆளுகிறேன்.) பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிற் சோசர் எழுதிய கன்ரபரிக் கதைகளில், ஆலைக்காரன் சொல்லும் கதையிலே அப்சலன் என்றொரு லிகிதன் வருகிறான். கோயிலிலே தூபம் காட்டுவான். ஊரவர்க்கு முகம் மழிப்பான். காணி உறுதி எழுதுவான். கிற்றார் போன்றதொரு வாத்தியமும் மீட்டுவான். சோசர் அவனை நகைப்புக்குரியவனாகவே படைத்தார். ஆயினும், முழுக் குருத்துவம் பெறாத ஒருவன் ஊரின் எத்தனை தேவைகளுக்குக் கைகொடுத்தான் என்பதை அந்த நகைப்புக்குள்ளேயே காண்கிறோம்.

பதினாறாம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்தின் பின் தூபம் மறைந்தது, லிகிதர் மறையவில்லை. மூன்றடுக்குப் பிரசங்க மேடை எழுந்தபோது, உச்சியிற் பிரசங்கம், நடுவில் வாசகம், அடித்தட்டில் லிகிதர் என்று இடம் வகுக்கப்பட்டது. விற்பி என்னும் கடற்கரையூரின் புனித மரியாள் ஆலயத்தில் அத்தகைய மேடை இன்றும் நிற்கிறது. சபை சொல்லவேண்டிய மறுமொழிகளை உரத்துச் சொல்வதும், எழுத்தறியாதோருக்காகச் சங்கீதத்தை வரிவரியாக முன்னே வாசித்துப் பாடவைப்பதும் அவர் கடமை. 'ஆமென்' என்னும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே அவரைக் கேலிசெய்த எழுத்தாளர் பலர்.

அவரது இன்னொரு பணி கேலிக்கு அப்பாற்பட்டது. இலண்டனிலே கொள்ளைநோய்க் காலங்களில், ஏழை மூதாட்டியர் இறந்தோர் வீடுகளுக்குச் சென்று உடலைப் பார்த்து மரணகாரணம் அறிந்து வருவர். அவர்கள் சொன்னதை லிகிதர் குறித்துக்கொள்வார். செவ்வாய் இரவு எல்லாக் கணக்குகளும் லிகிதர் சங்க மண்டபத்திற் சேரும், புதன்கிழமை அச்சாகும், வியாழக்கிழமை மரணப் பட்டியல் மக்கள் கைக்கு வந்துவிடும். அப்பட்டியல்களை ஆராய்ந்து ஜோன் கிறான்ற் என்னும் துணி வணிகர் 1662இல் வெளியிட்ட நூலிலிருந்தே குடித்தொகை ஆய்வு தொடங்கிற்று என்பர். மூதாட்டியரின் பெயரை எவரும் அதிகம் பேசுவதில்லை. பிற்காலத்தில் நோர்தாம்ப்ரன் நகர லிகிதர் தமது ஆண்டுப் பட்டியலோடு அச்சிடப் பாடல் வேண்டுமென்று கவிஞர் வில்லியம் கூப்பரிடமே போய் நின்றார். கவிஞரும் 1787 தொடக்கம் சில ஆண்டுகள் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாமவர் மேற்குமாடத்து இசைஞர். பதினெட்டாம் நூற்றாண்டிலே கிராம ஆலயங்களின் மேற்குச் சுவரோரம் மரமாடம் அமைத்து, கல் தச்சரும் சப்பாத்துத் தைப்போரும் உழவரும் வயலின், செலோ, கிளாரினெற் முதலியவற்றோடு அமர்ந்தனர். டோர்செற் மாவட்டத்து ஸ்ரின்ஸ்போர்ட் ஆலயத்தில் நாவலாசிரியர் தோமஸ் ஹார்டியின் பாட்டனார் செலோ வாசித்தார். தந்தையார் வயலின் வாசித்தார். 1840இற் பிறந்த ஹார்டி அக்குழுவைக் கேட்டறியார். அவர் குழந்தையாயிருந்தபோதே அது கலைந்துவிட்டது. வீட்டிலே கேட்ட கதைகளைக் கொண்டே 1872இல் 'அண்டர் த கிறீன்வூட் ட்ரீ' நாவலை எழுதினார். புதிய குருவானவர் ஓகன் வாத்தியத்தைக் கொணர, இளம் ஆசிரியை ஒருத்தி அதனை வாசிக்க, முதியோர் மாடத்தைவிட்டு இறங்கும் காட்சியிற் சினம் இல்லை. அதனாலேயே நெஞ்சைத் தொடுகிறது.

1896இல் அந்நாவலுக்கு எழுதிய முன்னுரையில் ஹார்டி கணக்கும் தருகிறார். நத்தாருக்குக் கிடைக்கும் சன்மானம் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்துச் சிலிங்குக்கு மேற்படாது. தந்தியும் குங்கிலியமும் இசைத்தாளும் வாங்க மட்டுமே அது போதும். தனியொருவர் கைக்கு இசை மாறியதால் ஒழுங்கு கூடியிருக்கலாம், ஆனால் கோயிற் காரியங்களில் ஊராரின் ஈடுபாடு வற்றிற்று என்பது அவர் முடிபு. எனக்கும் அது சரியெனவே படுகிறது. மாடத்துக் குழுக்கள் சில சுருதி பிசகின, குருவோடு பிணங்கின என்பதும் பொய்யன்று. ஆனால் பிணக்குக்கு மருந்து பயிற்சி, வெளியேற்றம் அன்று.

1833இல் ஒக்ஸ்போர்ட் இயக்கம் தோன்றிய பின், பீடத்தருகே வெள்ளங்கி அணிந்த பாடகர் குழுவே பல ஆலயங்களில் விரும்பப்பட்டது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் குருப்பட்டம் பெற்றவரையே லிகிதர் பதவியில் அமர்த்த இடமளித்தது. பதவி நின்றது; அதிலிருந்த குடியானவன் போனான். 1866இலோ அதே திருச்சபையின் பேராயர்கள் கூடி, குருவல்லாத 'வாசகர்' பணியை மீண்டும் ஏற்படுத்தினர். பெருகிவந்த நகர மக்களுக்குக் குருமார் போதவில்லை. பெண்கள் அப்பணியிற் சேர 1969 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஹார்டி குடும்பத்தாரின் இசையேடுகள் டோர்செஸ்ரர் நூதனசாலையில் உள்ளன. அக்காலத்து இசைஞர் வழக்கத்தையும் ஹார்டியே சொல்கிறார்: ஏட்டின் ஒரு முனையிலிருந்து கோயிற் பாடல்களை எழுதிச் செல்வர், ஏட்டைத் திருப்பி மறுமுனையிலிருந்து கிராமிய நடன மெட்டுக்களை எழுதுவர். இரண்டும் ஏட்டின் நடுவிலே சந்தித்துக்கொள்ளும்.