ஹிஸ்டமினும் அதன் போலிகளும்

தோலில் அரிப்பையும் தடிப்பையும் விளைக்கும் ஹிஸ்டமினை 1911ஆம் ஆண்டில் பார்ஜர், டேல் என்னும் அறிஞர் இருவர் மாட்டுக் குடலின் உட்சவ்வில் கண்டனர். அழுகலில் பக்டீரியாக்களும் அதனை ஆக்கவல்லன. ஆதலின் அது உடலுக்கே உரியதோ என்னும் ஐயம் எழுந்தது. 1927இல் டேல் குழுவினர் புதிய ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் அதனைப் பிரித்தெடுத்தபோதே அவ்வையம் தீர்ந்தது.

அளப்பதிலும் போலிகள் குறுக்கிட்டன. ஹிஸ்டமின் பட்டால் சுருங்கும் கினிப்பன்றியின் குடற்றுண்டு, அசெட்டைல்கோலின் பட்டாலும் சுருங்கும். அதனைத் தடுக்க அத்ரோபின் சேர்த்தனர். 1959இல் வந்த ஒளிர்வுமுறை, பியூட்டனோலின் துணையால் ஹிஸ்டிடினை விலக்கியது. ஆயினும் ஸ்பெர்மிடின் உடன்புகுந்து தானும் ஒளிர்ந்து, அளவைக் கூட்டிக் காட்டிற்று.

கருவி காட்டும் எண்ணை ஏற்குமுன், அவ்வெண் எப்பொருளுக்கு உரியது என வினவுதலே ஆய்வாளர் கடன்.