பைசாந்திய ஆராய்ச்சியை வளர்த்த இதழ்

கிழக்கு ரோமப் பேரரசு ஏறத்தாழ 1,100 ஆண்டுகள் நிலவிற்று. அதன் தலைநகராகிய கான்ஸ்டாண்டிநோபிள் 1453 மே 29-இல் துருக்கியரிடம் வீழ்ந்தது. அந்நாட்டு மக்கள் தம்மை ரோமர் என்றே சொல்லிக்கொண்டனர். அவர்களுள் கற்றோர் எழுதியது கிரேக்கம். ‘பைசாந்தியம்’ என்னும் பெயரை 16-ஆம் நூற்றாண்டில் வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஹியரோனிமஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர்.

இப்பேரரசின் வரலாற்றை 18-ஆம் நூற்றாண்டு ஆசிரியர் பலர் இகழ்ந்தே பேசினர். 1776-இல் வெளிவரத் தொடங்கிய கிப்பனின் பெருநூல் அதனை நெடியதொரு வீழ்ச்சியாகவே காட்டிற்று. கிரேக்க மொழி ஆசிரியர்களோ, பழங்கிரேக்கத்திற்குப் பின் தோன்றியவை கற்கத் தகாதன என ஒதுக்கினர். ஓராயிரம் ஆண்டு இலக்கியம் சுவடிகளில் உறங்கிற்று.

பள்ளியாசிரியர் தொடங்கிய பணி

இந்நிலையை மாற்றியவர் கார்ல் குரும்பாக்கர். 1856-இல் பவேரியாவில் பிறந்த இவர், மியூனிக் நகரின் உயர்நிலைப் பள்ளியொன்றில் பல்லாண்டு ஆசிரியராய் இருந்தார். பள்ளிப் பணிக்கிடையே இவர் எழுதிய பைசாந்திய இலக்கிய வரலாறு 1891-இல் வெளிவந்தது. மறு ஆண்டே, 1892-இல், ‘பைசாந்தீனிஷே ட்சைட்ஷ்ரிப்ட்’ என்னும் இதழைத் தொடங்கினார். ‘பைசாந்திய ஆராய்ச்சி இதழ்’ என்பது அதன் பொருள். லைப்சிக் நகரத்துத் தொய்ப்னர் பதிப்பகம் அதனை அச்சிட்டது.

நூல் ஒன்று இருக்க இதழ் எதற்கு என்று கேட்கலாம். அந்நாளில் பைசாந்தியம் பற்றிய கட்டுரைகள் சமய வரலாறு, சட்டம், கலை, ஸ்லாவிய மொழிகள் எனப் பல துறை ஏடுகளில் சிதறிக் கிடந்தன. ஒருவர் கண்டறிந்ததை மற்றவர் அறிய வழியில்லை. ஆகவே குரும்பாக்கர் இதழை மூன்று பகுதியாக வகுத்தார்: முதலாவது கட்டுரைகள், இரண்டாவது நூல் மதிப்புரைகள், மூன்றாவது, எந்நாட்டில் எம்மொழியில் வெளிவந்ததாயினும் இத்துறை சார்ந்த நூலையும் கட்டுரையையும் பதிந்து, சிறு குறிப்புத் தரும் பட்டியல்.

இம்மூன்றாம் பகுதியே இதழின் உயிர்நாடி. ரஷ்ய அறிஞரின் ஆய்வுகளை மேலை நாட்டார் பெரும்பாலும் படிப்பதில்லை. குரும்பாக்கர் ரஷ்ய மொழி கற்று அவற்றையும் அறிமுகப்படுத்தினார். 1894-இல் ரஷ்யாவிலும் பைசாந்திய ஆய்விதழ் ஒன்று பிறந்தது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கெனத் தனிப் பேராசிரியர் பதவி 1897-இல்தான் அமைந்தது. இதழ் முந்திற்று; பதவி பிந்திற்று. அவ்வாண்டே வந்த இலக்கிய வரலாற்றின் இரண்டாம் பதிப்பு முதற்பதிப்பினும் இரு மடங்குக்கு மேற் பெருகியிருந்தது. ஆறே ஆண்டுகளில் துறை எவ்வளவு வளர்ந்தது என்பதற்கு அதுவே சான்று.

போர்க்காலச் சோதனை

குரும்பாக்கர் 1909-இல், 53-ஆம் வயதில் மறைந்தார். பின்னர்ப் பொறுப்பேற்றோருள் ஒருவர் ஆகஸ்ட் ஹைசன்பர்க். இவரும் பள்ளியாசிரியராய் இருந்தவரே. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற வெர்னர் ஹைசன்பர்க் இவர் மகனார். 1930-இல் இவர் காலமான பின், ஃபிரான்ஸ் டோல்கர் நெடுங்காலம் ஆசிரியராய் விளங்கினார்.

இரு உலகப் போர்களும் இதழை வருத்தின. 1914-இல் தொடங்கிய 23-ஆம் தொகுதி போர் ஓய்ந்த பின்னரே முற்றுப்பெற்றது. 42-ஆம் தொகுதியோ 1943 முதல் 1949 வரை இழுபட்டது. எனினும் தொகுதி எண் அறுபடவில்லை. மீண்டும் வந்தபொழுது, பகை நாட்டார் எழுதியவற்றையும் பட்டியல் வழக்கம்போல் பதிந்தது. இன்று 110-க்கு மேற்பட்ட தொகுதிகளைக் கடந்து இதழ் நடைபெறுகிறது.

பெருநூல் எழுதியவரைப் பலரும் போற்றுவர். ஆண்டுதோறும் பட்டியல் தொகுத்தவரை நினைப்பார் சிலரே. ஆயினும் பிறர் உழைப்பை ஒன்றுவிடாமல் பதிந்துவைத்த அப்பணியே, இகழப்பட்ட ஒரு நாகரிகத்தை அறிஞருலகின் முன் நிறுத்திற்று. பள்ளி மேசையில் தொடங்கிய பணி அது என்பது ஆசிரியர் மறவாதிருக்க வேண்டிய செய்தி.