தனுஷ்கோடி: பாதை வளர்த்த ஊரும் பாதையின்றி எஞ்சிய ஊரும்

ஓர் ஊரின் குடித்தொகை பெருகுதற்கும் அருகுதற்கும் நீரும் நிலமுமே காரணமெனக் கொள்வது பொதுவழக்கு. இராமேசுவரத் தீவின் தென்கிழக்குக் கோடியில் உள்ள தனுஷ்கோடிக்கு இது பொருந்தாது. அங்கே உழுதற்கு நிலமில்லை. மணலைத் தோண்டிய ஊற்றுக்களிலன்றி நன்னீரும் இல்லை. வடபால் பாக்கு நீரிணை, தென்பால் மன்னார்க் குடா, இடையே ஒடுங்கிய மணற்றிடல். இத்தகைய இடத்தில் ஒரு பட்டினம் எழுந்தமைக்கும், வீழ்ந்தபின் அது மீண்டும் எழாமைக்கும் போக்குவரத்தே காரணமாயிற்று.

முன்னாளில் சேது நீராட வந்த யாத்திரிகரும், கரைவலை இழுத்த மீனவருமே இம்மணலை அறிந்திருந்தனர். சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடிவரை புகையிரதத்திற் சென்று கப்பலேறினர். 1914ஆம் ஆண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் நிலைமை மாறிற்று. இருப்புப்பாதை பாம்பனிலிருந்து நேரே தனுஷ்கோடித் துறைக்குச் சென்றது. இராமேசுவரத்துக்குக் கிளைப்பாதையே கிடைத்தது. பழம்புகழ் வாய்ந்த திருத்தலம் கிளையிலும், பெயரளவில் ஊரான மணற்றிடல் தலைப்பாதையிலும் நின்றமை விந்தையே. அவ்வாண்டிலேயே தலைமன்னாருக்கும் இருப்புப்பாதை வந்துசேர, இடைப்பட்ட ஏறக்குறைய 20 மைற் கடலை நீராவிக் கப்பல்கள் கடந்தன. 'போட் மெயில்' என்னும் பெயர் இருகரையிலும் வழக்காயிற்று.

இதன்பின் வந்த குடிகள் மண்ணை நம்பி வந்தவரல்லர். நிலைய ஊழியர், சுங்க அலுவலர், தபாற்காரர், சுமைதூக்குவோர், கடைக்காரர் என அனைவரும் வண்டியையும் கப்பலையும் சார்ந்தே வாழ்ந்தனர். அவர்களினும் பன்மடங்கானோர் அவ்வூரில் தங்காது கடந்துசென்றனர். மண்டபம் முகாமிற் சோதிக்கப்பட்டு மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளர் இந்தியக் கரையை இறுதியாகக் கண்டது இத்துறையிலேதான். ஊர்க்கணக்கில் இடம்பெறாத இக்கூட்டமே ஊரை வாழவைத்தது.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவையொட்டி வீசிய பெரும் புயலில் கடல் பட்டினத்தின்மேல் ஏறிற்று. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டியொன்று தனுஷ்கோடியை அணுகும் வேளையில் அலையில் அகப்பட, அதிலிருந்த 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலத்தின் 126 கண்களின் உத்தரங்களும் அடித்துச் செல்லப்பட்டன.

அடுத்து நிகழ்ந்ததே ஊன்றி நோக்கற்பாலது. பாலம் 46 நாள்களிற் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிப் பாதையோ கைவிடப்பட்டது. புயலுக்கு இரு திங்களுக்கு முன்னர், அக்டோபர் 30இல், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. அதன்படி தாயகம் அனுப்பப்பட்ட மலைநாட்டு மக்கள், தம் முன்னோர் கப்பலேறிய துறையிலன்றி, இராமேசுவரத்திலே வந்திறங்கினர். அக்கப்பற் சேவையும் 1980களின் போர்க்காலத்தில் நின்றுபோயிற்று.

தனுஷ்கோடி மக்கள் வாழத் தகாத இடமென அரசு அறிவித்தது. பாதையால் வந்தவர் பாதையோடு அகன்றனர். மீனவரோ திரும்பி வந்து, இடிந்த நிலையத்துக்கும் தேவாலயத்துக்கும் அருகே ஓலைக் குடிசை வேய்ந்தனர். கடல் அவர்களுக்குத் தொழில், வண்டி அன்று. ஆயினும் அவ்வறிவிப்பின் சுமை அவர்கள்மேலேயே விழுந்தது. வாழத் தகாத இடத்துக்கு வீதி எதற்கு, மின்சாரம் எதற்கு என்னும் நியாயம் அரை நூற்றாண்டு நிலவிற்று. பிணியாளரும் பிள்ளைகளும் மணலையும் அலைநீரையும் கடந்தே இராமேசுவரத்தை அடைந்தனர். 1988இல் பாம்பனிற் சாலைப்பாலம் திறக்கப்பட்டது. அதன் பயன் இவர்களுடைய குடிசைவரை வரவில்லை.

2017ஆம் ஆண்டு ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை 9.5 கிலோமீற்றர் நீளமான தார்வீதி திறக்கப்பட்டது. அவ்வழியே நாள்தோறும் வருவோர் மிகப் பலர். எனினும் அவர்களும், 1914இன் பயணிகளைப் போன்று, அங்குத் தங்குவோரல்லர். மீனவர் குடும்பங்கள் சில வீதியோரத்திற் சங்கும் சிப்பியும் பொரித்த மீனும் விற்கத் தொடங்கியுள்ளன. மாலையில் வண்டிகள் திரும்பியபின், கரைவலைக்காரரே அங்கு எஞ்சுகின்றனர்.