260 காப்பி

அரசாங்கத்துக்கு ஒரு ஆய்வறிக்கை பிடிக்கலைன்னா என்ன பண்ணும்? தடை போடும்னு நினைப்போம். 1980-ல பிரிட்டன் அரசு தடையெல்லாம் போடலை. டைப் அடிச்ச அறிக்கையை வெறும் 260 காப்பி எடுத்து, ஆகஸ்ட் மாச பாங்க் ஹாலிடே வாரமாப் பார்த்து வெளியிட்டுட்டாங்க :-)

அதுதான் பிளாக் ரிப்போர்ட். கதையைக் கொஞ்சம் முன்னாடியிருந்து பார்ப்போம்.

1948-லிருந்து பிரிட்டன்ல எல்லாருக்கும் இலவச மருத்துவம். அப்படின்னா பணக்காரன், ஏழை சாவுக் கணக்குல இருந்த இடைவெளி குறைஞ்சிருக்கணும் இல்லையா? குறைஞ்சுதான்னு பார்க்கச் சொல்லி 1977-ல தொழிற்கட்சி அமைச்சர் டேவிட் என்னல்ஸ் ஒரு குழு போட்டார். தலைவர், மருத்துவர் சர் டக்ளஸ் பிளாக். கூடவே சமூகவியலாளர் பீட்டர் டவுன்செண்ட், ஜெர்ரி மோரிஸ், சிரில் ஸ்மித். (லண்டன் பஸ்ல ஏறி இறங்கற கண்டக்டரைவிட உட்கார்ந்தே இருக்கற டிரைவருக்கு மாரடைப்பு அதிகம்னு கண்டுபிடிச்சாரே, அதே மோரிஸ்தான்.)

இலவச மருத்துவம் வந்தும் இடைவெளி குறையலைன்னு குழு சொன்னது. மேல்தட்டுத் தொழில் செய்யறவங்களைவிட, கீழ்மட்டக் கூலி வேலை செய்யறவங்க ஓய்வு பெறும் வயசுக்கு முன்னாடியே சாகற வாய்ப்பு இரண்டரை மடங்கு. முக்கியக் காரணம் ஆஸ்பத்திரியில் இல்லை. வருமானத்திலும் வீட்டிலும் வேலையிலும் இருக்கு. ஆக, மருந்து சீட்டு எழுத வேண்டியவர் நிதியமைச்சர்!

ஆனா 1979-லேயே தாட்சர் ஆட்சி வந்தாச்சு. செலவைக் குறைப்பதுதான் கொள்கை. புது அமைச்சர் பாட்ரிக் ஜென்கின் அறிக்கைக்கு எழுதின முன்னுரையிலேயே கையை விரிச்சுட்டார்: ஆண்டுக்கு 200 கோடி பவுண்டுக்கு மேல ஆகும், நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனாலும் ஆளாளுக்குத் தேட, 1982-ல பெங்குவின் அதைப் புத்தகமாவே போட்டது.

அமுக்கினா கிளம்பும்னு அரசுக்குப் புரிஞ்சதோ என்னவோ, பிறகு வார்த்தையே மாறிப்போச்சு. 'ஏற்றத்தாழ்வு' போய் 'வேறுபாடு' வந்தது. 1995-ல சுகாதாரத்துறை வெளியிட்ட அறிக்கையின் தலைப்பு 'ஆரோக்கிய வேறுபாடுகள்'. 1996-ல பொருளாதார, சமூக ஆய்வுக் கவுன்சில் நிதி கொடுத்து ஆரம்பிச்ச ஆய்வுத் திட்டத்துக்கும் அதே பேர்தான். ஏற்றத்தாழ்வுன்னா யாரோ பொறுப்பேத்துக்கணும். வேறுபாடுன்னா? அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்குன்னு கேட்டுட்டுப் போயிடலாம்.

சரி, 1997-ல தொழிற்கட்சி திரும்ப வந்ததே, மாறிச்சா? வார்த்தை மாறிச்சு. சர் டொனால்ட் அச்சிசன் தலைமையில் விசாரணை, 1998-ல 39 பரிந்துரைகள். ஆனா 'அரசின் ஒட்டுமொத்த நிதி உத்திக்கு உட்பட்டு'ன்னு நியமன உத்தரவிலேயே ஒரு கட்டு. அந்த அரசோ, முந்தைய ஆட்சி போட்ட செலவு வரம்பை இரண்டு வருஷம் தாண்டமாட்டோம்னு தேர்தலுக்கு முன்னாடியே சொல்லியிருந்தது. கடைசியில் எந்தப் பரிந்துரைக்கு எவ்வளவு செலவு, எது முதல்லங்கற கணக்கு இல்லைன்னு ஆய்வாளர்களே குறைபட்டாங்க.

எதிரி ஆட்சி முடிவைப் புதைக்கப் பார்த்தது. நட்பான ஆட்சி கேள்விக்கே வேலி போட்டது. எனக்கென்னவோ இரண்டாவதுதான் ஆபத்தாத் தெரியுது, ஏன்னா அது வெளியே தெரியறதில்லை. எந்த ஆய்வறிக்கை கையில் கிடைச்சாலும், முடிவுரைக்கு முன்னாடி எதைப் பார்க்கச் சொல்லிக் குழு போட்டாங்கன்னு ஒரு தடவை படிச்சுடுங்க.