அங்க்-மார்போர்க் காவற்படையும் இலண்டன் வரலாறும்

1981 பிரிக்ஸ்டன் கலவரத்தை ஆராய்ந்த ஸ்கார்மன் அறிக்கை, காவல்துறையில் சிறுபான்மையினரை மிகுதியாகச் சேர்க்குமாறு பரிந்துரைத்தது. நிறுவனவழி இனவெறி உண்டென்பதை ஏற்கவில்லை. டெர்ரி பிராட்செட்டின் 'மென் அட் ஆர்ம்ஸ்' (1993) என்னும் நகைச்சுவை மிகுபுனைவு நாவலில் அப்பரிந்துரையின் சாயல் புலப்படுகிறது. அங்க்-மார்போர்க் நகரின் இரவுக் காவற்படையில், பரம்பரைப் பகையுடைய குள்ளர், ட்ரோல் இனங்களைச் சேர்ந்த கடியும் டெட்ரிடஸும் ஒருங்கே அமர்த்தப்படுகின்றனர். அவர்களது நட்பு சற்று எளிதாகவே கைகூடிவிடுகிறது. நாவலின் கூர்மை வேறிடத்தில் உள்ளது. குள்ளர் ஒருவரின் கொலைக்காகக் கோல்ஃபேஸ் என்னும் ட்ரோலைப் பகற்காவல் தலைவர் குவிர்க் ஆதாரமின்றிக் கைதுசெய்கிறார். அவன் ட்ரோல் என்பதே போதுமான குற்றமாகிறது. இனம்பார்த்து ஐயுறும் இவ்வழக்கத்தை ஆள்சேர்ப்பு தொடவேயில்லை. அதே 1993 ஏப்ரலில் இலண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் கொல்லப்பட்டார். அவ்வழக்கின் புலனாய்வை ஆராய்ந்த மாக்பெர்சன் அறிக்கை, ஸ்கார்மன் மறுத்ததை 1999இல் உறுதிசெய்தது.